மருந்தும் வடுவும்

நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவான் துறைக்கு வரும் காலைப் படகில் ஏறியவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். கடற்றொழிலாளர், அரசாங்க ஊழியர், சந்தைக்கு மூட்டையோடு போகும் பெண்கள் ஆகியோரிடையே, தலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, கையில் கிளினிக் கொப்பியுடன் ஒதுங்கியிருக்கும் சிலர் தென்படுவர். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு மருந்தேற்றச் செல்பவர்கள் அவர்கள். கடலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பின் புங்குடுதீவு, வேலணை வழியாக யாழ்ப்பாணம் வரை பஸ். அங்கிருந்து மீண்டும் வடக்கே ஒரு பஸ். உடம்பில் வலு உள்ளவனுக்கே அலுப்புத் தரும் அந்தப் பயணத்தை, நோயினாலும் மருந்தினாலும் தளர்ந்த உடம்போடு அவர்கள் செய்கின்றனர்.

அத்தகைய ஒரு பயணத்தில் மூதாட்டி ஒருவர் நம்மிடம் கேட்டார்: “தம்பி, இந்த மருந்தே பிறகு தோலிலை வேறை புற்றைக் கொண்டு வருமெண்டு சனம் கதைக்குது. மெய்யோ?”

“அப்பிடியொண்டுமில்லை, ஆச்சி” என்று கூறி நாம் அமைந்தோம். அவ்விடை ஆறுதலாக இருந்தது. ஆனால் உண்மையாக இருக்கவில்லை. எளிய மக்கள் கேட்கும் நேரிய கேள்விக்கு ஆறுதலை விடையாகக் கொடுப்பது, படித்தவர்களாகிய நமக்கு நெடுங்காலப் பழக்கம். அந்த மூதாட்டிக்கு நாம் கொடுக்க வேண்டியிருந்த விடையைத் தேடியபோது அது ஒரு மருத்துவக் குறிப்பாக நிற்கவில்லை. இருநூறு ஆண்டு வரலாறாக விரிந்தது. புற்றை அழிக்கும் மருந்துகளில் சில தோற்புற்றை உண்டாக்கக்கூடும் என்பதை மனிதகுலம் எவ்வாறு அறிந்தது? யாருடைய தோலைக் கொண்டு அறிந்தது? அறிந்ததை யாருக்குச் சொல்லிற்று, யாருக்குச் சொல்லாது மறைத்தது? இவ்வினாக்களையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

* * *

தோற்புற்றின் வரலாறு தொடக்கத்திலிருந்தே உழைப்பாளரின் வரலாறாக இருந்து வந்துள்ளது. 1775 ஆம் ஆண்டில் இலண்டன் அறுவை வைத்தியரான பெர்சிவல் பொட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரின் விதைப்பையில் தோன்றும் புற்றுக்கு அவர்கள் உடலில் படியும் கரியே காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலுக்கும் ஒரு புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டிய முதற் பதிவு அதுவே எனலாம். அத்தொழிலாளர் நாலைந்து வயதிலேயே ஒடுங்கிய புகைபோக்கிகளுக்குள் ஏற்றப்பட்ட ஏழைச் சிறுவர்கள். சிறுவரை அவ்வாறு ஏற்றும் கொடுமையை இங்கிலாந்துச் சட்டம் உண்மையில் ஒழித்தது 1875 இல். காரணம் தெரிந்ததற்கும் கொடுமை நின்றதற்கும் இடையே நூறு ஆண்டுகள்! காசுமீரத்துக் குளிரில் ‘காங்கிரி’ என்னும் நெருப்புச் சட்டியை ஆடைக்குள் வயிற்றோடு அணைத்து வாழும் மக்களிடையே வயிற்றுத் தோலிலும் தொடையிலும் தோன்றும் புற்றும் இத்தகையதே. மனிதன் எவ்வாறு உழைத்தான், எவ்வாறு குளிர் காய்ந்தான் என்பதைத் தோல் பதிந்து வைத்துக்கொள்கிறது.

ஆனால் கரியும் நெருப்பும் போலவே மருந்தும் தோலில் அவ்வாறு பதியும் என்று முதலில் காட்டியது பாஷாணம்.

நமது சித்த மருத்துவ மரபு 64 பாஷாணங்களைப் பேசும். வெள்ளைப் பாஷாணம், அரிதாரம், மனோசிலை ஆகியவை ஆர்சனிக் என்னும் மூலகத்தின் வடிவங்கள். யாழ்ப்பாண அரசர் காலத்தில் தொகுக்கப்பட்ட செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களின் வழிவந்த பரியாரிமார், சுத்தி செய்யாது பாஷாணத்தைத் தொடலாகாது என்பதையும், அளவு தப்பினால் அது உயிரைக் குடிக்கும் என்பதையும் நன்கு அறிந்திருந்தனர். நஞ்சே மருந்து, மருந்தே நஞ்சு என்ற உண்மையை மேனாட்டார் வந்து நமக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஆயினும் அந்த அறிவு, உடனே கொல்லும் நஞ்சைப் பற்றியதாகவே பெரும்பாலும் இருந்தது. மருந்துண்டு எழுந்து நடமாடியவன் இருபது ஆண்டுகள் கழித்து எந்நோய் அடைந்தான் என்பது ஏட்டில் ஏறவில்லை.

மேனாட்டு மருத்துவத்தின் நிலையும் அன்று வேறாக இருக்கவில்லை. 1786 இல் தோமஸ் பௌலர் என்ற ஆங்கில வைத்தியர் ஆர்சனிக் கலந்த திரவமொன்றைக் குளிர்காய்ச்சலுக்கு மருந்தாக வெளியிட்டார். ‘பௌலர் திரவம்’ என்ற பெயரில் அது காய்ச்சலுக்கும் தோல் நோய்களுக்கும் வழங்கலாயிற்று. 1865 இல் ஜேர்மனியில் லிசாவர் என்பவர் அதை இரத்தப் புற்றுக்குக் கொடுத்து, நோயாளி சில காலம் தேறியதைப் பதிந்தார். ஆகவே புற்றுக்குக் கொடுக்கப்பட்ட முதல் இரசாயன மருந்துகளில் ஒன்றாக ஆர்சனிக்கைக் கொள்வது தவறாகாது. ‘கீமோதெரபி’ என்ற சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்த போல் ஏர்லிக், 1910 இல் மேகநோய்க்கு வெளியிட்ட புகழ்பெற்ற மருந்தும் ஆர்சனிக் சேர்மமே.

இந்த மருந்தின் மறுபக்கத்தைக் கண்டவர் இலண்டனைச் சேர்ந்த ஜொனதன் ஹச்சின்சன். காளாஞ்சகப்படைக்காக ஆண்டுக்கணக்கில் ஆர்சனிக் உண்ட நோயாளரின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஆணி போன்ற தடிப்புகள் தோன்றுவதையும், அவற்றுட் சில புற்றாக மாறுவதையும் அவர் கவனித்தார். 1888 இல் அவர் வெளியிட்ட அவதானங்கள், ஒரு மருந்து தோற்புற்றை உண்டாக்கலாம் என்பதற்கு முதற் சான்றுகளாயின. ஹச்சின்சனிடம் புதுமையான கருவி எதுவும் இருக்கவில்லை. அவரிடம் இருந்தது குறிப்பேடு. ஒருமுறை மருந்து வாங்கிச் சென்ற நோயாளியை ஆண்டுகள் பல கழிந்தபின் மீண்டும் பார்த்து, பழைய குறிப்பையும் புதிய புண்ணையும் பக்கத்திற் பக்கம் வைத்து எண்ணினார். இவ்வாராய்ச்சியின் வழி முழுவதும் அந்த ஒரு செயலில் அடங்கியிருக்கிறது. யார் திரும்பப் பார்க்கப்படுகிறார்களோ அவர்களுக்கு ஏற்பட்ட தீங்கு மாத்திரமே அறிவாகிறது. திரும்பப் பார்க்கப்படாதவர்களின் தீங்கு அவர்களோடு மண்ணிற் புதைகிறது.

இதே ஆர்சனிக் நூறு ஆண்டுகளின் பின் வங்காளத்தில் வேறு வழியாக வந்தது. குளத்து நீரால் வரும் வயிற்றுநோயைத் தவிர்க்கவென நல்லெண்ணத்தோடு தோண்டப்பட்ட குழாய்க் கிணறுகளில், நிலத்தடிப் படிவுகளிலிருந்து ஆர்சனிக் கசிந்தது. 1980களின் தொடக்கத்தில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் தோல் வைத்தியர் கே. சி. சாகா, மேற்கு வங்கக் கிராமத்தவரின் கைகளிலும் கால்களிலும் ஹச்சின்சன் எழுதிய அதே தடிப்புகளைக் கண்டார். பின்னர் வங்காளதேசத்தில் கோடிக்கணக்கானோர் அந்நீரைக் குடித்து வந்தமை தெரியவந்தது.

அதேவேளை, ஆர்சனிக் மருந்தாகவும் திரும்பி வந்தது. 1970களில் சீனாவின் ஹார்பின் நகரில் சாங் திங்தொங் என்பவரும் அவருடைய தோழர்களும், நாட்டு வைத்தியர் ஒருவரின் மருந்தை ஆராய்ந்து, ஒருவகைக் கடும் இரத்தப் புற்றுக்கு வெள்ளைப் பாஷாணம் நல்ல பயன் தருவதைக் கண்டனர். முன்னர் சில கிழமைகளில் உயிரைப் பறித்த அந்நோய், இன்று இம்மருந்தின் துணையுடன் பெரும்பான்மையோரிடம் குணமாகிறது. நஞ்சு என்று ஒதுக்கியிருந்தால் அந்த உயிர்களை நாம் இழந்திருப்போம். மருந்து என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தால் ஹச்சின்சனின் பாடத்தை இழந்திருப்போம்.

* * *

இனி, இவ்வரலாற்றின் கொடிய அத்தியாயத்துக்கு வருவோம். இன்றைய புற்றுநோய் மருந்துகளின் முதற் குடும்பம் போர்க்களத்திற் பிறந்தது. 1917 யூலையில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே ஜேர்மன் படை முதன்முதலாகக் கடுகுவாயுவை ஏவியது. தோல் கொப்புளித்தது, கண்கள் குருடாயின, நுரையீரல் வெந்தது. போர் முடிந்தபின் 1919 இல், அவ்வாயுவுக்கு இரையான வீரர்களின் இரத்தத்தில் வெண்கணங்கள் பெரிதும் குறைந்திருப்பதை அமெரிக்க வைத்தியர்கள் பதிந்தனர். விரைந்து பெருகும் கலங்களை இந்நஞ்சு தேடி அழிக்கிறது என்பதற்கு அது முதல் அறிகுறி.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், அல்பிரட் கில்மன் என்போர் கடுகுவாயுவின் உறவான நைதரசன் மஸ்டர்டை ஆராய்ந்தனர். 1942 ஓகஸ்டில், போலந்திலிருந்து குடியேறிய நோயாளி ஒருவருக்கு அது ஏற்றப்பட்டது. கழுத்தையும் மார்பையும் அடைத்திருந்த நிணநீர்க் கட்டிகள் சில நாட்களில் கரைந்தன. சில கிழமைகளில் அவை திரும்பவும் வளர்ந்தன. அவ்வாண்டு முடிவதற்குள் அவர் இறந்தார். வரலாறு அவரை ‘ஜே.டி.’ என்ற இரண்டு எழுத்துகளால் மாத்திரம் அறியும். இராணுவ இரகசியம் காரணமாக இம்முடிவுகள் 1946 வரை வெளிவரவில்லை.

1943 டிசம்பர் 2 ஆம் திகதி இத்தாலியின் பாரி துறைமுகத்தின் மீது ஜேர்மன் விமானங்கள் குண்டு பொழிந்தன. அங்கு நின்ற ‘ஜோன் ஹார்வி’ என்ற அமெரிக்கக் கப்பலில் 2,000 கடுகுவாயுக் குண்டுகள் இரகசியமாக ஏற்றப்பட்டிருந்தன. கப்பல் வெடித்தது, நஞ்சு எண்ணெயோடு கலந்து கடலிற் பரவியது. அந்நீரில் நீந்திக் கரையேறிய மாலுமிகளை நனைந்த உடையோடு போர்வையாற் போர்த்தி வைத்தனர். நஞ்சு அவர்கள் தோலில் ஊறிற்று. மருத்துவர்களுக்கு அது இன்ன நஞ்சு என்று சொல்லப்படவில்லை. விசாரிக்க அனுப்பப்பட்ட ஸ்டுவர்ட் அலெக்சாண்டர் என்ற இராணுவ வைத்தியர் உண்மையைக் கண்டறிந்து எழுதியபோது, பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில் அதை ஏற்க மறுத்தார். பிரித்தானிய ஆவணங்களில் அவை பகைவரின் தாக்குதலால் ஏற்பட்ட எரிகாயங்கள் என்றே எழுதப்பட்டன. நூற்றுக்கணக்கான மாலுமிகளின் துன்பத்தைப் பற்றிய அறிக்கை புற்றுநோய் ஆராய்ச்சியாளருக்குப் பயன்பட்டது. பாரி நகரத்துப் பொதுமக்களுள் எத்தனை பேர் மாண்டனர் என்பதை எவரும் ஒழுங்காக எண்ணவில்லை.

பாரிக்கு முன்பே வேறோரிடத்தில் இவ்வாயு மனிதத் தோலிற் சோதிக்கப்பட்டது. 1930களின் தொடக்கத்திலிருந்து பத்தாண்டுகளுக்கு மேலாக, பிரித்தானியாவின் போர்ட்டன் டவுன் ஆய்வுகூடத்து விஞ்ஞானிகள் இராவல்பிண்டியில் இந்தியச் சிப்பாய்களின் மீது கடுகுவாயுவைச் சோதித்தனர். அரைக்காற்சட்டையும் பருத்திச் சட்டையும் அணிந்த சிப்பாய்கள் வாயு நிரப்பிய அறைகளுக்குள் அனுப்பப்பட்டனர். வெள்ளைத் தோலை விட இந்தியத் தோலுக்கு இந்நஞ்சு கூடிய தீங்கு செய்யுமா என்பதே அச்சோதனையின் கேள்வி! பலர் கடுமையான எரிகாயங்களோடு வைத்தியசாலையிற் கிடந்தனர். 2007 ஆம் ஆண்டிலேயே இச்செய்தி ஆவணக் காப்பகத்திலிருந்து பத்திரிகைக்கு வந்தது. அச்சிப்பாய்கள் பிற்காலத்தில் எந்நோய் அடைந்தனர் என்று எவரும் திரும்பப் பார்த்ததற்கான பதிவு எதுவும் அந்த ஆவணங்களில் இல்லை. இன்று கடுகுவாயு மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் பொருளென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் முதல் வகுப்பில் வைத்துள்ளது. அச்சிப்பாய்களின் தோல் சொல்லியிருக்கக்கூடிய உண்மையை ஏகாதிபத்தியம் கேட்க விரும்பவில்லை. அமெரிக்காவும் இதற்கு விலக்கல்ல. கறுப்பின, ஜப்பானிய வம்சாவளி, புவேர்ட்டோ ரிக்கோச் சிப்பாய்களைத் தனியே பிரித்து, அவர்களது தோலில் அந்நாடு செய்த சோதனைகளின் விபரமும் 2015 இல் வெளியாயிற்று.

தீவக மக்களாகிய நாம் இன்னொரு தீவின் கதையையும் அறிந்திருத்தல் நன்று. ஜப்பானின் ஹிரோஷிமாப் பகுதியில் ஓக்குனோஷிமா என்றொரு சிறு தீவு உண்டு. 1929 முதல் 1945 வரை அங்கு கடுகுவாயு உற்பத்தி செய்யப்பட்டது. அதை மறைப்பதற்காக அத்தீவையே தேசப்படத்திலிருந்து நீக்கினர்! ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு வேலை செய்தனர். போரின் இறுதிக் காலத்திற் பள்ளி மாணவ மாணவியரும் அங்கு உழைக்க அனுப்பப்பட்டனர். அத்தீவில் உற்பத்தியான நஞ்சு சீன மக்கள் மீது ஏவப்பட்டது. போருக்குப் பின் ஹிரோஷிமா வைத்தியர்கள் பழைய தொழிலாளரைத் தேடிப்பிடித்து ஆண்டுக்கணக்காகப் பரிசோதித்தனர். சுவாசப்பைப் புற்றும், தோலின் பல இடங்களிற் புற்றும் அவர்களிடம் மிகுந்திருப்பதை அப்பரிசோதனைகள் காட்டின. இராவல்பிண்டியில் செய்யப்படாததை ஹிரோஷிமா வைத்தியர்கள் செய்தனர். அதனாற்றான் கடுகுவாயுவின் நெடுங்காலத் தீங்கை உலகம் அறிந்தது.

நைதரசன் மஸ்டர்ட் 1949 இல் மருந்தாக அனுமதி பெற்றது. தோலில் தோன்றும் ஒருவகை நிணநீர்ப் புற்றுக்கு அதை நீரிற் கரைத்தோ களிம்பாகவோ உடம்பெங்கும் பூசும் வழக்கமும் பின்னர் வந்தது. ஆண்டுக்கணக்காகப் பூசியோரிற் சிலருக்கு வேறுவகைத் தோற்புற்றுகள் தோன்றியதாக 1970களிலும் 80களிலும் அறிக்கைகள் வந்தன. ஆனால், டென்மார்க்கில் முப்பது ஆண்டுப் பதிவேடுகளைக் கொண்டு பின்னர் செய்த ஆய்வு, அம்மருந்தால் அத்தகைய மிகுதி ஏற்பட்டதாகக் காணவில்லை. அந்நோயாளர் பலர் வேறு கதிர்ச் சிகிச்சைகளையும் பெற்றிருந்தமை குழப்பத்துக்கு ஒரு காரணமாகலாம். விஞ்ஞானம் இவ்வாறு தன்னைத் தானே திருத்திக்கொள்வது, கணக்கு இருக்கும் இடத்தில் மாத்திரமே இயலும்.

* * *

போர்க்களத்திலிருந்து வந்த மருந்தைப் பார்த்தோம். தொழிற்சாலை வாசலில் தொடங்கிய மருந்தொன்றும் உண்டு. 1928 இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியர் பம்பாய்க்கு வந்தார். அங்குள்ள பஞ்சாலைத் தொழிலாளப் பெண்கள் கர்ப்பகாலத்தில் ஒருவகைச் சோகையால் வாடி மாண்டனர். வறுமையே அதன் வேர் என்பதை அவர் கண்டார். மலிவான ஈஸ்ட் சாரமாகிய மார்மைற்றை உண்ணக் கொடுத்தபோது அப்பெண்கள் தேறினர். அதிலிருந்த பொருளே பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

அமெரிக்காவில் சிட்னி பார்பர் என்ற வைத்தியர், இரத்தப் புற்றுள்ள குழந்தைகளின் நோயை ஃபோலிக் அமிலம் விரைவுபடுத்துவதைக் கவனித்தார். அப்படியாயின் அதைத் தடுக்கும் பொருள் நோயைத் தடுக்கலாமல்லவா? அப்பொருளை ஆக்கிக் கொடுத்தது, லெடர்லி ஆய்வுகூடத்தில் யெல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. 1895 இல் ஆந்திரத்தின் பீமவரத்திற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர் சுப்பாராவ். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தமைக்காக ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த தகுதிச் சான்றிதழையே பெற்றார் என்பர். அக்குழு ஆக்கிய அமினோப்தெரின் என்ற மருந்தால் 16 குழந்தைகளுள் 10 பேரின் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948 இல் பார்பர் வெளியிட்டார். அதே ஆண்டு ஓகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அம்மருந்தின் உடன்பிறப்பே மெதோட்ரெக்சேற். இன்று உலகெங்கும் புற்றுக்கும், குறைந்த அளவில் மூட்டுவாதத்துக்கும் காளாஞ்சகப்படைக்கும் அது கொடுக்கப்படுகிறது. பம்பாய் ஆலைப் பெண்களின் சோகையிலிருந்து பிறந்த அறிவு எத்தனையோ நாடுகளின் குழந்தைகளை வாழவைத்தது. அப்பெண்களின் பெயர்களைத்தான் எவரும் அறியார்.

மெதோட்ரெக்சேற்றுக்கும் வடு உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருதய நோயாளர் 4,700க்கு மேற்பட்டோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு வாரந்தோறும் குறைந்த அளவு மெதோட்ரெக்சேற்றும் மற்றப் பிரிவினர்க்குப் போலி மாத்திரையும் கொடுத்து ஆராய்ந்தனர். 2020 இல் வெளிவந்த பாதுகாப்பு முடிவுகளின்படி, மருந்துண்ட பிரிவில் தோற்புற்று ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. ஆயினும், இருமடங்கு என்ற சொல்லைக் கேட்டு நடுங்கவேண்டியதில்லை. ஆயிரக்கணக்கானோருள் அது சில பத்துப் பேரையே பற்றியது. பெரும்பாலும் வெட்டி நீக்கக்கூடிய வகையுமாகும்.

* * *

மருந்து எவ்வாறு புற்றை உண்டாக்குகிறது என்று மாணவர்கள் வினவலாம். புற்றுக்கலம் ஓயாது பிரிந்து பெருகுவது. அதை நிறுத்துவதற்காக, மஸ்டர்ட் வகை மருந்துகள் கலத்தின் உயிர்நூலாகிய டி.என்.ஏ.யைப் பிணைத்து முறிக்கின்றன. நல்ல கலத்தின் நூலும் அப்போது சிறிது சிதைகிறது. சிதைவைச் சரியாகத் திருத்த முடியாத ஒரு கலம், பல ஆண்டுகளின் பின் கட்டறுத்துப் பெருகக்கூடும். சில மருந்துகள் உடலின் காவலையே தளர்த்துவதால், முளையிலே அழிந்திருக்க வேண்டிய புற்றுக்கலம் தப்பிவிடுகிறது.

மூன்றாவது வழி வெயிலோடு தொடர்புடையது. ஆதலால் நம்மவர் கவனத்துக்குரியது. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் மெர்கப்டோபியூரினும், சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பின் கொடுக்கும் அசதையோபிரினும் ஒரே குடும்பத்தவை. இவற்றிலிருந்து உண்டாகும் பொருளொன்று தோற்கலத்தின் டி.என்.ஏ.யில் அமர்ந்துகொண்டு, சூரிய ஒளியின் நீண்ட ஊதாக் கதிரை உறிஞ்சி, அக்கலத்துக்குள்ளேயே தீங்கான பொருள்களைத் தோற்றுவிக்கிறது என்பதை 2005 இல் ஆங்கில ஆய்வாளர் காட்டினர். நெடுங்காலம் ஹைட்ரொக்சியூரியா உண்டோரின் முகத்திலும் கையிலும், வெயில் படும் இடங்களிலே, தடிப்புகளும் புற்றும் தோன்றியதாகப் பல பதிவுகள் உண்டு. தோற்புற்றுக்கே கொடுக்கப்படும் புதிய மருந்தான வெமுராபெனிப், அதை உண்போரில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் முதல் நாலிலொரு பங்கினர் வரை வேறொருவகைத் தோற்புற்றை உண்டாக்கியமையும் 2011 ஆம் ஆண்டுக் காலத்திலேயே தெரிந்தது. அவை சிறு அறுவையால் நீங்குவன. மருந்தை நிறுத்தவேண்டி வரவில்லை.

எல்லா மருந்தும் இத்தகையதன்று. நயினாதீவு, நெடுந்தீவு மணலிலும் நம் ஊர்ச் சுடலை ஓரங்களிலும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும் பட்டிப்பூவை அறியாதார் யார்? அச்செடியிலிருந்தே 1958 ஆம் ஆண்டையொட்டி வின்பிளாஸ்டினும், தொடர்ந்து வின்கிறிஸ்டினும் கிடைத்தன. குழந்தைகளின் இரத்தப் புற்றை வெல்வதிற் பெரும்பங்கு கொண்ட அவை மனிதரிற் புற்றை உண்டாக்குவதாக நிறுவப்படவில்லை. மேலும், சிகிச்சை பெற்றோரிடம் பின்னர் தோன்றும் தோற்புற்றுக்கு மருந்தை விடக் கதிர்ச் சிகிச்சையே பெரிய காரணமாக இருப்பதுண்டு. ஆகவே, “மருந்து புற்றாக்கும்” என்று மொத்தமாகச் சொல்வதும் பொய். “ஒன்றுமில்லை” என்று நாம் சொன்னதும் பொய். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை காலம், எந்தத் தோல், எவ்வளவு வெயில் என்று கேட்பதே அறிவு.

* * *

இக்கேள்விகளை நம் தீவக மக்களுக்காக யார் கேட்டனர்? மேற்கூறிய பெரும் ஆய்வுகள் பெரும்பாலும் வெண்தோலினரிடையே நடந்தவை. கருந்தோலின் நிறப்பொருள் வெயிலிலிருந்து நல்ல காவல் தருவது மெய். ஆனால் கருந்தோலில் புற்று தோன்றும்போது அது பழைய வடுவிலும் ஆறாப் புண்ணிலும் வெயில் படாத இடத்திலும் தோன்றுவது மிகுதி. காலந்தாழ்ந்தே கண்டுபிடிக்கப்படுவதும் மிகுதி. தோற்புற்று வெள்ளையரின் நோய் என்ற எண்ணம் நோயாளியைப் போல வைத்தியரையும் ஏமாற்றுகிறது.

நோயை எண்ணுவது கிடக்கட்டும். தலைகளே எண்ணப்படாத காலமொன்று நமக்கு இருந்தது. 1981 குடிசன மதிப்பீட்டுக்குப் பின் 2012 வரை இம்மண்ணின் மக்கள் முழுமையாக எண்ணப்படவில்லை. 2001 மதிப்பீடு 18 மாவட்டங்களில் மாத்திரமே நிறைவுற்றது. யாழ்ப்பாணம் அவற்றுள் இல்லை. 1990களின் தொடக்கத்தில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். மருந்தேற்றிக்கொண்டவன் ஓரூரில், அவனது கொப்பி வேறோரூரில், அவன் பின்னர் போய்ச் சேர்ந்தது மூன்றாவது ஊரில் அல்லது வன்னியில் அல்லது கடல்கடந்த நாட்டில் என்றால் ஹச்சின்சனே வந்தாலும் என்ன எண்ணுவார்? மஹரகம வைத்தியசாலைக்குப் போகும் பெருந்தெருவும் ஆண்டுக்கணக்கில் மூடப்பட்டுக் கிடந்தது.

நிலைமை இன்று அவ்வாறில்லை. 2011 இல் நாட்டின் தென்முனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து நிதி திரட்டினர். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் தந்த பணத்தால் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடம் எழுந்து 2013 இல் திறக்கப்பட்டது. 2016 இல் அதே நடை பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கிச் சென்று, காலியில் கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக நிதி சேர்த்தது. அரசியல்வாதிகள் பிரித்துவைத்த மக்களை நோயின் துயரம் ஒரே தெருவில் நடக்கச் செய்தது. ஆனால் கட்டடத்தோடு கடமை முடிந்துவிடவில்லை. மருந்து கொடுப்பதற்கு ஒரு கட்டடம் போதும். மருந்து பெற்றவனைப் பத்தாண்டு, இருபதாண்டு கழித்தும் திரும்பப் பார்ப்பதற்கு வேறோர் ஒழுங்கு வேண்டும்.

அவ்வொழுங்கு எட்டாத கனியன்று. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும், பெற்ற மருந்துகளின் பெயர், அளவு, காலம், கதிர்ச் சிகிச்சை பெற்ற இடம் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய ஓர் ஏடு இருக்கவேண்டும். அதன் பிரதி வைத்தியசாலையில் அழியாது பேணப்படவேண்டும். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் உள்ள அரசாங்க வைத்தியசாலைகளில் ஆண்டுக்கொருமுறையாவது அவர்களது தோல் பரிசோதிக்கப்படவேண்டும். அதற்காக ஒரு முதியவளைக் கடல் கடக்க வைப்பது நியாயமன்று. வைத்தியர் கடல் கடந்து வரட்டும்.

தமிழில் எழுதுவது எங்ஙனம் என்று எவரேனும் தயங்குவாராயின், அவர் மானிப்பாயை நினைவு கொள்வாராக. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் 1864 முதல் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். 1867 இல் ‘இரண வைத்தியம்’ என்ற பெருநூலைத் தமிழில் தந்தார். மதம் பரப்பும் நோக்கமும் அவருக்கு இருந்தது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும், மக்களின் உடலைப் பற்றிய அறிவு மக்களின் மொழியில் இருக்கவேண்டும் என்பதை அவர் செய்து காட்டினார். 150 ஆண்டுகளுக்கு முன் இயன்றது, இன்று நோயாளியின் ஏட்டில் ஒரு பக்கம் எழுதுவதற்கு இயலாதா?

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதிற் பங்குண்டு. பள்ளிப் பிள்ளைகள் தத்தம் வீட்டு முதியோரின் கிளினிக் கொப்பியை வாசித்து விளக்கலாம். கிழமைக்கணக்கில் ஆறாத புண், புதிதாய்த் தடித்த தோல், இரத்தம் கசியும் வடு ஆகியவற்றைக் கண்டால் தாமதியாது வைத்தியரிடம் காட்டச் சொல்லலாம். மருந்துண்பவர் வெயிலுக்குத் தலையையும் கையையும் மூடிக்கொள்ளுதல் நாணத்துக்குரியதன்று, அது சிகிச்சையின் ஒரு பகுதி என்று ஊருக்குச் சொல்லலாம்.

அன்று படகில் நாம் சொல்லாத விடையை இன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஆச்சி, சனம் கதைப்பதில் ஒரு பங்கு மெய். சில மருந்துகள், சிலரிடம், நெடுங்காலத்தின் பின் தோலில் அவ்வாறு செய்வதுண்டு. அது அரிது, வேளைக்குக் கண்டால் பெரும்பாலும் நீக்கக்கூடியது. உங்கள் உயிரைக் குடிக்க வந்த நோயோ அரிதன்று, காத்திருக்கவும் மாட்டாது. ஆகையால் மருந்தை விடவேண்டாம். அடுத்த முறையும் படகேறுங்கள். உங்களுக்கு என்ன மருந்து ஏற்றுகிறார்கள் என்று கேளுங்கள். அதை எழுதித் தரச் சொல்லுங்கள். இராவல்பிண்டிச் சிப்பாய்களுக்கு அவ்வாறு கேட்கும் உரிமை இருக்கவில்லை. உங்களுக்கு உண்டு. அந்த உரிமை வாயளவில் நின்றுவிடாதபடி பார்த்துக்கொள்வது எங்கள் வேலை.